படிக்கப் படிக்க ரேட்டிங் இறங்கினால் என்ன செய்யலாம்?

மூன்று மாதமாக ஒழுங்காகச் செஸ் படிக்கிறார் ஒருவர். தினமும் பஸில் (ஒரு நிலையைக் கொடுத்துச் சரியான நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்), வாரக் கடைசியில் எண்ட்கேம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்), இடையிடையே ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) வீடியோ. ஆட்டத்தின் பலத்தைக் காட்டும் எண்ணான ரேட்டிங் மட்டும் 1450-லிருந்து 1370-க்கு வந்து நிற்கிறது. ஒன்றும் படிக்காமல் சும்மா ஆடிக்கொண்டிருந்தபோது சுலபமாக ஜெயித்த ஆட்களிடமே இப்போது தோற்கிறார். செஸ்ஸை கொஞ்சம் தீவிரமாக எடுத்துக்கொண்ட யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு காலகட்டம் தனக்கும் வந்தது என்பார்கள். அதிலிருந்து வெளியே வர என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன் என்பார் ஒருவர். புத்தகத்தை மூடிவிட்டு ஆட மட்டும் செய்தேன் என்பார் இன்னொருவர். பஸில் மட்டும் போதும், கோச்சைப் பிடி, ஓப்பனிங்கை மாற்று, ஒரு மாதம் பலகையைத் தொடாதே என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1000-லிருந்து 1800 வரை ரேட்டிங் உள்ளவருக்கு, படிப்பைப் பாதியாகக் குறைத்து, மிச்சமான நேரத்தில் நிதானமான ஆட்டங்கள் ஆடி, அதில் தோற்றவற்றைத் தானே பிரித்துப் பார்ப்பதுதான் சரியான வழி. மற்ற வழிகளுக்கும் பொருந்துகிற ஆட்கள் உண்டு. ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால், இறங்கியது ஆட்டமா, எண்ணா என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் முறையில் 2400-க்குக் கீழே உள்ள பெரும்பாலானவர்களுக்கு 'கே' என்கிற பெருக்கும் எண் 20. அதாவது சம ரேட்டிங் உள்ளவரை ஜெயித்தால் 10 புள்ளி ஏறும், தோற்றால் 10 புள்ளி இறங்கும். இப்போது, திறமை ஒரு மயிரிழைகூட மாறாத ஒருவர் தனக்குச் சமமானவர்களோடு 10 ஆட்டம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிராவை விட்டுவிடலாம். அந்தப் பத்தில் மூன்றோ அதற்குக் குறைவாகவோ மட்டும் ஜெயிப்பதற்கான வாய்ப்பு சுமார் 17 சதவீதம். ஆறு முறையில் ஒரு முறை, எந்தக் காரணமும் இல்லாமல், 40 புள்ளியோ அதற்கு மேலோ காணாமல் போகும். புதிதாக ரேட்டிங் வாங்கி 30 ஆட்டம் முடிக்காதவர்களுக்கும், 2300-க்குக் கீழே உள்ள 18 வயது வரையான பிள்ளைகளுக்கும் 'கே' 40. அவர்களுக்கு இதே சறுக்கல் 80 புள்ளி. பிள்ளையின் ரேட்டிங்கைப் பார்த்துப் பதறுகிற பெற்றோர் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

ஆன்லைனில் இன்னொரு விஷயம் உண்டு. லிசெஸ் என்கிற செஸ் இணையதளம் கிளிக்கோ-2 என்ற ரேட்டிங் முறையைப் பயன்படுத்துகிறது. கொஞ்ச காலம் ஆடாமல் இருந்தால், உங்கள் பலம் இதுதான் என்ற உறுதி அந்தக் கணக்கில் குறைந்துவிடும். திரும்பி வந்து ஆடுகிற முதல் சில ஆட்டங்களில் ஏற்றமும் இறக்கமும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். 'ஒரு மாதம் படித்துவிட்டு அப்புறம் ஆடுகிறேன்' என்று போனவர் திரும்பி வந்து மூன்று ஆட்டம் தோற்றால், கை விட்டுப்போனதும் இந்தக் கணக்கும் சேர்ந்து அடிக்கும். பழி மட்டும் படித்ததன் மேல் விழும்.

எண் என்பது எவ்வளவு தூரம் வெறும் எண் என்பதற்கு 2024 மார்ச் மாதத்தைப் பார்க்கலாம். ஃபிடே அப்போது 2000-க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரே நாளில் உயர்த்தியது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டினார்கள். 1500-ல் தூங்கப் போனவர் 1700-ல் விழித்தார். அதற்கு முன்பும் பின்பும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வைத்து 'ஏறினேன், இறங்கினேன்' என்று பேசுவதில் பொருள் இல்லை.

ஆக, 30 நிதானமான ஆட்டங்களாவது முடியாமல் 'படித்துக் கெட்டேன்' என்று சொல்லக்கூடாது. முடிந்த பிறகும் இறக்கம் நிற்கவில்லை, ஆட்டங்களைத் திருப்பிப் பார்த்தாலும் முன்பு செய்யாத தப்பெல்லாம் கண்ணில் படுகிறது என்றால், சரி, ஆட்டமே இறங்கியிருக்கிறது.

படித்தது எப்படிக் கெடுக்கும்?

ஒரு காட்சியைப் பார்ப்போம். நீங்கள் வெள்ளை. எதிராளியின் சிப்பாய்கள் சி5, டி6, இ5-ல் நிற்கின்றன. டி5 கட்டத்தை இனி எந்தச் சிப்பாயாலும் அவர் தாக்க முடியாது. 'குதிரைக்கு நிரந்தர வீடு கிடைத்தால் விடாதே' என்று போன வாரம்தான் படித்திருக்கிறீர்கள். சி3 குதிரையைத் தூக்கி டி5-ல் வைக்கிறீர்கள். பார்க்கவே அழகாக இருக்கிறது. எதிராளி எஃப்6 குதிரையால் இ4 சிப்பாயை எடுத்துக்கொண்டு போகிறார். அந்தச் சிப்பாயைக் காவல் காத்துக்கொண்டிருந்தது சி3 குதிரை மட்டும்தான்.

படிக்காத காலத்தில் இந்தத் தப்பு நடந்திருக்காது. அப்போது உங்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வி, 'இதை நகர்த்தினால் எதையாவது வெட்டுவானா?' இப்போது மண்டைக்குள் நல்ல கட்டம், கெட்ட பிஷப், திறந்த வரிசை, சிப்பாய்க் கட்டமைப்பு என்று நாலைந்து கேள்விகள் முண்டியடிக்கின்றன. பழைய கேள்விதான் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டுவிட்டது. சொல்லிக்கொடுத்தது தப்பு இல்லை, டி5 நல்ல கட்டம்தான். தப்பு வரிசையில் இருக்கிறது. இதற்கு நேரமும் பலியாகிறது. முன்பு அரை நிமிடத்தில் வைத்த நகர்வுக்கு இப்போது ஐந்து நிமிடம் ஆகிறது. 25-வது நகர்வில் கடிகாரத்தைப் பார்த்தால் மிச்சம் இருப்பது இரண்டு நிமிடம்.

சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டோவ் விவரித்த நோய் ஒன்று உண்டு, செஸ் உலகம் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டது. ஆட்டக்காரர் ஒரு நகர்வை நெடுநேரம் கணக்குப் போடுவார், திருப்தி இல்லை. இன்னொன்றைக் கணக்குப் போடுவார், அதுவும் பிடிக்கவில்லை. நேரம் ஓடுவதைப் பார்த்துத் திடுக்கிட்டு, கணக்கே போடாத மூன்றாவது ஒன்றை வைத்துவிடுவார். அது சொதப்பலாக இருக்கும். ஒன்றும் தெரியாதவருக்கு இந்த நோய் வருவதில்லை. இரண்டு நல்ல யோசனையாவது தோன்றுகிற அளவுக்குப் படித்திருக்க வேண்டும்.

பலமான ஆட்டக்காரர்களும் இதற்குத் தப்பவில்லை. பிலாலிச், மெக்லியட், கோபே ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நிலையைக் கொடுத்து மேட் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ராணியைப் பலி கொடுத்து, சொந்தக் காய்களால் அடைபட்டுக் கிடக்கும் ராஜாவைக் குதிரையால் மேட் செய்யும் பிரபலமான வழி அதில் இருந்தது. அது ஐந்து நகர்வு. மூன்றே நகர்வில் முடிகிற வேறு வழியும் இருந்தது. பிரபலமான வழி கண்ணில் பட்டவர்களில் பலருக்குக் குறுகிய வழி தெரியவே இல்லை. 'இதைவிட நல்லது தேடுகிறேன்' என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கண்ணசைவைப் பதிவு செய்த கருவி அவர்கள் பார்வை பழைய வழிக்கான கட்டங்களையே சுற்றுவதைக் காட்டியது. நிலையைச் சற்று மாற்றிப் பிரபலமான வழியை இல்லாமல் செய்ததும் குறுகிய வழி தெரிந்தது. தெரிந்த ஒன்று தெரியாத ஒன்றை மறைக்கும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது.

எல்லாப் படிப்பும் இப்படிக் குழப்புவதில்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். யானை எண்ட்கேமில், ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவர் தோல்வியைத் தவிர்க்கும் வழியான ஃபிலிடோர் நிலையைக் கற்றுக்கொண்டால் அது எந்தப் பழைய பழக்கத்தோடும் மோதாது. எதிராளியின் ராஜா முன்னேற முடியாதபடி யானையை உன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் வைத்துக் காத்திரு, அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும் பலகையின் மறுகோடிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் மேல் செக் கொடு. அவ்வளவுதான். தெரியாதவர் தோற்பார், தெரிந்தவர் டிரா செய்வார், நடுவில் குழப்பம் ஒன்றும் இல்லை. எண்ட்கேமிலிருந்து தொடங்கு என்று முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்கா வலியுறுத்தியதற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் ரேட்டிங் இறங்கித் தவிக்கிறவருக்கு எண்ட்கேமை நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான். இறக்கத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் நடு ஆட்டத் தத்துவமும் புது ஓப்பனிங்கும்.

அப்படியே தொடர்வதா, ஆட மட்டும் செய்வதா?

தொடரச் சொல்கிறவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. புதிதாகக் கற்றது கையில் படிய நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்கத் தடுமாற்றமாகவே இருக்கும். நடுவில் விட்டால் தடுமாற்றத்தை அனுபவித்ததுதான் மிச்சம், பலன் கைக்கு வராது. நீல் சார்னெஸ் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ஒருவரது செஸ் திறமையோடு மிக நெருக்கமாகப் பொருந்துவது அவர் தனியாக உட்கார்ந்து தீவிரமாகப் படித்த நேரம்தான் என்று காட்டியது. ஆடிய நேரம் அதற்கு அடுத்த இடத்தில்தான்.

ஆனால் மணி நேரத்தைக் கூட்டினால் பலமும் தானாகக் கூடும் என்று அதற்குப் பொருள் இல்லை. கோபேயும் கம்பிடெல்லியும் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களிடம் 2007-ல் நடத்திய ஆய்வில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000-க்கு மேல் தேவைப்பட்டது. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, 'இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துப் படித்தால் சரியாகிவிடும்' என்று நம்புவதற்கு இடமில்லை. வீடியோ பார்ப்பதைப் படிப்பு என்று கணக்கில் சேர்ப்பவர்கள் இதில் மிக அதிகம் ஏமாறுகிறார்கள். கிராண்ட்மாஸ்டர் ஒருவர் விளக்கிக்கொண்டு போகும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கும். வீடியோவை நிறுத்தி, அடுத்த நகர்வு என்ன என்று நீங்களே சொல்லிவிட்டு அப்புறம் ஓட விட்டுப் பாருங்கள். எத்தனை புரிந்தது என்று அப்போது தெரியும்.

படிப்பை நிறுத்திவிட்டு ஆட மட்டும் செய்கிறவருக்குப் பலன் உடனே கிடைக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் பழைய எண் திரும்பிவிடும், ஏனென்றால் பழைய ஆட்டம் திரும்பிவிடுகிறது. செஸ்ஸைச் சந்தோஷத்துக்காக ஆடுகிறவர் தாராளமாக இதைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே போக நினைக்கிறவருக்கு இது வட்டம் அடிப்பது. எந்தச் சுவரில் முட்டிப் படிக்கத் தொடங்கினாரோ அதே சுவரில் மறுபடி முட்டுவார். அதிலும் ஆடுவது மூன்று நிமிட பிளிட்ஸ் என்றால் புதிதாகக் கற்ற எதுவும் வெளியே வராது. அந்த வேகத்தில் கை தனக்குப் பழக்கமானதைத்தான் செய்யும். பிளிட்ஸ் ரேட்டிங்கை வைத்து 'என் படிப்பு வேலை செய்கிறதா' என்று அளப்பது வீண் வேலை. ஆட்டக்காரருக்கு 10 நிமிடத்துக்கு மேல் உள்ள ராபிடில்கூட 10 நிமிடத்தை ஒட்டியவற்றை நான் நம்புவதில்லை. ஒரு நகர்வுக்குப் பத்து விநாடி கூடுதலாகக் கிடைக்கிற 15 நிமிட ஆட்டம் குறைந்தபட்சம், 30 நிமிடம் இருந்தால் நல்லது.

பஸில் மட்டும்

இந்த யோசனையை அதிகம் பேர் சொல்கிறார்கள், பாதி சரி. 1400-க்குக் கீழே பெரும்பாலான ஆட்டங்கள் ஒரு காயை ஓசியில் கொடுத்ததால்தான் முடிகின்றன. ஆகவே கண்ணைத் தீட்டுவது வீண் போகாது. சிக்கல் எங்கே என்றால், பஸில் திரையில் வந்த உடனே 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் யாரும் அப்படி மணி அடிப்பதில்லை. பஸிலே கதியென்று கிடப்பவர் அமைதியான நிலையிலும் எஃப்7-ல் பிஷப்பைப் பலி கொடுக்கத் துடிப்பார். பஸில் ரேட்டிங் 2200, ஆட்ட ரேட்டிங் 1400 என்று புலம்புகிறவர்களை எங்கும் பார்க்கலாம். இரண்டும் வேறு அளவுகோல் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பஸில் எப்போதும் நீங்கள் தாக்குவதைத்தான் பழக்குகிறது. எதிராளி உங்களை என்ன செய்யப் போகிறார் என்று பார்க்கிற பழக்கம் அதில் வளர்வது குறைவு. அதனால் வேகப் போட்டி மாதிரி வரும் பஸில்களை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு, கடிகாரம் இல்லாமல், எதிராளியின் மிகச் சிறந்த பதிலையும் சொன்ன பிறகே காயைத் தொடுவது என்று வைத்துக்கொண்டால் இந்த வழி தேறும்.

தோற்ற ஆட்டங்களைத் தோண்டுவது

இதைத்தான் நான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். முறை எளிது. ஆட்டம் முடிந்ததும் என்ஜினை (நகர்வுகளை ஆராய்ந்து சொல்லும் கணினி நிரலை) திறக்காதீர்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு தோல்விக்கும் நாலு விஷயம் மட்டும் எழுதுங்கள்: எந்த நகர்வில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று நினைக்கிறீர்கள், அப்போது கடிகாரத்தில் எவ்வளவு இருந்தது, அந்த நேரம் மனதில் என்ன ஓடியது, எதிராளியின் மிரட்டலைப் பார்த்தீர்களா இல்லையா. எடுத்துக்காட்டாக, 'நகர்வு 19, 6 நிமிடம் மிச்சம், ஏ வரிசையைத் திறக்க யோசித்தேன், ஃபோர்க்கை (ஒரே காய் இரண்டு காய்களைத் தாக்குவதை) பார்க்கவில்லை.' இதை எழுதிய பிறகு என்ஜினைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்த நகர்வும் என்ஜின் காட்டுகிற நகர்வும் ஒன்றாக இல்லாவிட்டால், அந்த வித்தியாசமே உங்களுக்கான பாடம். தோற்ற இடம் எதுவென்றே தெரியாமல்தான் இவ்வளவு நாள் படித்திருக்கிறோம் என்று பலருக்கு இங்கேதான் உறைக்கும்.

மூன்றாவது கேள்வியை யாரும் விடக்கூடாது. என்ஜினால் நகர்வு தப்பு என்று சொல்ல முடியும். உங்கள் மண்டையில் என்ன ஓடியது என்று அதற்குத் தெரியாது. ஆட்டம் முடிந்த பத்து நிமிடத்துக்குள் எழுதாவிட்டால் உங்களுக்கும் மறந்துவிடும், அப்புறம் 'கவனக் குறைவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். கவனக் குறைவு என்பது காரணமே இல்லை. கவனம் அப்போது எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

இருபது தோல்வி சேர்ந்ததும் நோட்டைப் புரட்டினால் எதைப் படிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். பெரும்பாலானவை 'மிரட்டலைப் பார்க்கவில்லை' என்றால் தத்துவப் புத்தகத்தை மூடுங்கள், ஒவ்வொரு நகர்வுக்கும் முன் 'அவர் என்ன செய்ய வருகிறார்?' என்று கேட்கிற பழக்கம் ஒன்றை மட்டும் பிடியுங்கள். கடிகாரக் கட்டத்தில் எல்லாம் ஒற்றை இலக்கமாக இருந்தால் பிரச்சினை நேரம். நன்றாக ஆடி எண்ட்கேமில் கோட்டை விட்டிருந்தால், யானை எண்ட்கேம். நிலையைத் தப்பாக எடை போட்டுத் தோற்றவை நிறைய இருந்தால் மட்டும், நீங்கள் படித்துக்கொண்டிருந்த நடு ஆட்டப் புத்தகம் உங்களுக்கானது. அதிலும் ஒரு நேரத்தில் ஒரு விஷயம்.

இந்த வழிக்கு ஆகப் பெரிய சாட்சி மிக்கைல் போட்வினிக். 1960-ல் உலகப் பட்டத்தை மிக்கைல் தாலிடம் இழந்தார். தாலுக்கு வயது இருபதுகளின் தொடக்கம், போட்வினிக் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். திரும்பப் பிடிப்பார் என்று அதிகம் பேர் எதிர்பார்க்கவில்லை. அவர் தாலின் ஆட்டத்தையும் தன் சொந்தத் தோல்விகளையும் உட்கார்ந்து பிரித்து மேய்ந்தார். 1961-ல் மறுபோட்டியில் 13-8 என்று ஜெயித்துப் பட்டத்தை மீட்டார். தாலின் உடல்நிலை அப்போது சரியில்லை என்பதையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. ஆனாலும் இதே போட்வினிக் 1957-ல் ஸ்மிஸ்லோவிடம் தோற்று, 1958-ல் அவரிடமிருந்தும் பட்டத்தைத் திரும்ப வாங்கியவர்.

இந்த வழியில் கஷ்டமும் உண்டு. சலிப்பாக இருக்கும், தோற்ற ஆட்டத்தை மறுபடி பார்ப்பதே எரிச்சல். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு எழுந்துவிட வேண்டும், 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று மூன்றாவது ஆட்டத்துக்குப் போகிறவர் நோட்டில் எழுத ஒன்றும் மிஞ்சாது. அப்புறம், 1000-க்குக் கீழே உள்ளவருக்கு இது அவசியமில்லை. அங்கே தோல்விக்குக் காரணம் எழுதிப் பார்க்கிற அளவுக்கு மறைவாக இருப்பதில்லை. அவர் ஆடவும் பஸில் போடவும் செய்தால் போதும்.

மற்ற வழிகள்

கோச் வைத்துக்கொள்வது மேலே சொன்ன வேலையை இன்னொருவர் கண்ணால் செய்வது. நல்ல கோச் முதல் வகுப்பிலேயே பாடம் எடுக்கமாட்டார். ஒரு நிலையைக் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். நீங்கள் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறீர்கள், எதைக் கேட்கவே இல்லை என்று அதிலேயே பிடித்துவிடுவார். உங்கள் ஆட்டங்களைக் கேட்காமல், எல்லா மாணவர்களுக்கும் நடத்துகிற பாடத்தையே உங்களுக்கும் நடத்துகிறவரிடம் போனால், ஏற்கெனவே இருக்கிற பாரத்தின் மேல் இன்னொரு மூட்டை.

ஓப்பனிங்கை மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இறங்குகிற நேரத்தில் செய்யவே கூடாத ஒன்று இதுதான். பழகிய நிலைகள் எல்லாம் போய், ஆறாவது நகர்விலேயே அந்நிய ஊரில் நிற்பீர்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஓப்பனிங்கிலேயே முடிகிறது என்று நோட்டு சொன்னால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் முதலில் செய்ய வேண்டியது, இருக்கிற ஓப்பனிங்கில் தோற்ற நகர்வு வரிசையைச் சரி செய்வது.

ஒதுங்கி இருப்பது ஒரே ஒரு நிலையில் உதவும். ஆடப் பிடிக்காமல், தோற்றுவிடுவோம் என்ற பயத்தோடே உட்காருகிற நிலை வந்திருந்தால் ஒரு வாரம், இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். படித்தது அதற்குள் மறந்துவிடாது. திரும்பி வரும்போது, மேலே சொன்ன கிளிக்கோ கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, முதல் சில ஆட்டங்களை எண்ணைப் பார்க்காமல் ஆட வேண்டும்.

போட்டி பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்தத் தீர்ப்பு முழுக்க மாறும். இன்னும் இரண்டு வாரத்தில் ஆட வேண்டும் என்றால் புதுப் படிப்பு எதுவும் வேண்டாம், நோட்டை ஆராய்வதும் வேண்டாம். தெரிந்த ஓப்பனிங்கையே ஒரு முறை ஓட்டிப் பார்த்து, தினமும் கொஞ்சம் சுலபமான பஸில் போட்டு, நேரத்துக்குத் தூங்கினால் போதும். அரைகுறையாகப் படித்தது எல்லாம் போட்டி முடிந்த பிறகும் அங்கேயேதான் இருக்கும். அந்த ஏழெட்டு ஆட்டங்களின் நகர்வுகளை மட்டும் தாளில் தெளிவாக, கடிகார நேரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள், நோட்டின் முதல் பக்கங்களுக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.